தட்டும் தாளமும் – 23: உறுமி ஏறிய நெடுஞ்சாலை

சென்ற இதழில் சரண்ஜித் சிங்கைப் பற்றிப் பேசினோம். 1982ல் எச்.எம்.வி. வெளியிட்ட அவருடைய பத்து ராக டிஸ்கோ தட்டை அன்று சீந்துவார் இல்லை. 2010ல் நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் அதற்குச் செவிசாய்த்தது. மறுபதிப்பு என்பது பழைய சரக்கைப் புது உறையில் போட்டு விற்பது மட்டும் அல்ல என்று அப்போது எழுதியிருந்தேன். ஒரு தட்டு திரும்ப வரும் நேரத்தில் அதன் பக்கத்தில் வேறு என்ன இசை பிறந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2006 ஒரு முக்கியமான ஆண்டு.

அந்த ஆண்டில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' புதிதாகச் சீர்செய்த ஒலியோடு மீண்டும் கடைக்கு வந்தது. அதே ஆண்டில் மாயா அருள்பிரகாசம் என்கிற ஈழத்துப் பெண் சென்னை கோடம்பாக்கத்தில் உறுமிக்காரர்களையும் தவில்காரர்களையும் ஒரு ஸ்டூடியோவுக்குள் உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் நியூ வேவ் இசையின் வரலாறு முடிவதில்லை என்பது என் கட்சி. இந்த அத்தியாயம் அதைச் சொல்லத்தான்.

முதலில் அந்தப் பழைய தட்டு. டாக்கிங் ஹெட்ஸ் நியூயார்க் குழு. டேவிட் பர்ன், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், டினா வேமவுத், ஜெர்ரி ஹாரிசன் என்று நான்கு பேர். இவர்களில் மூவர் கலைக் கல்லூரி வாசனையோடு வந்தவர்கள். பங்க் இசையின் கோபம் அடங்கத் தொடங்கிய நேரத்தில், அதன் சிக்கனத்தை வைத்துக்கொண்டு யோசனையை அதிகமாக்கிய இசைக்குத்தான் பத்திரிகைகள் நியூ வேவ் என்று பெயர் சூட்டின. 1980 அக்டோபரில் வெளிவந்த 'ரிமெய்ன் இன் லைட்' அந்த வகையின் சிகரம். தயாரிப்பாளர் பிரையன் ஈனோ. பஹாமாஸ் தீவின் நாசோவில் அடித்தளம் போட்டு, நியூயார்க்கில் முடித்தார்கள். மொத்தம் எட்டே பாடல்கள்.

அவர்கள் செய்தது இதுதான். வழக்கமான பாட்டில் கார்டு மாறும். அந்த மாற்றம்தான் பாட்டை முன்னே தள்ளும். இவர்கள் கார்டை மாற்றுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள். பேஸ் ஒரு சிறு துண்டை வாசிக்கும், கிடார் இன்னொரு துண்டு, கீபோர்டு வேறொன்று. எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுற்றும். எந்தத் துண்டு எப்போது கேட்க வேண்டும், எது மௌனமாக வேண்டும் என்பதைக் கலவை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். சாம்பிளர் வீட்டுக்கு வீடு வராத காலம் அது. கையால் வாசித்தே லூப் உண்டாக்கினார்கள். இந்த முறைக்கு அவர்களுக்கு வழிகாட்டி நைஜீரியாவின் ஃபெலா குட்டி. அவருடைய தட்டுகளைக் கேட்டுத்தான் ஈனோவும் பர்னும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆப்பிரிக்கத் தாளம் பற்றிய புத்தகங்களின் பட்டியலையே பத்திரிகையாளர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். இந்த நேர்மைக்காகவே அந்தத் தட்டின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனாலும் பயணத்தின் திசை ஒன்றுதான். லாகோஸிலிருந்து தாளம் நியூயார்க்குக்குப் போகிறது. நியூயார்க்கில் அது கலையாகிறது. பிறகு உலகத்துக்கு விற்பனையாகிறது. லாகோஸ் மூலப்பொருள் தரும் ஊராகவே நின்றுவிடுகிறது. 2018ல் பெனின் நாட்டுப் பாடகி ஆஞ்சலிக் கிட்ஜோ 'ரிமெய்ன் இன் லைட்' தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தன் குரலில், ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு திரும்பப் பதிவு செய்தார். திசை திரும்பியதற்கு விமர்சகர்கள் பெரும்பாலும் அந்தத் தட்டைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே, 2007ல், திசை திரும்பிவிட்டது. திருப்பியவர் ஒரு தமிழ்ப் பெண். அவர் அதைச் செய்த தட்டின் பெயர் 'கலா'. அது அவருடைய அம்மாவின் பெயர்.

மாயா 1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். தந்தை அருள்பிரகாசம் ஈரோஸ் என்கிற ஈழப் போராட்ட அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். மகள் தன் முதல் தட்டுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்: 'அருளர்', 2005. போர் மூண்ட பிறகு தாயும் பிள்ளைகளும் சில காலம் சென்னையில் ஒரு பாழடைந்த வீட்டில் வசித்தார்கள். பிறகு மறுபடி யாழ்ப்பாணம். 1986ல் லண்டன், அகதிகளாக. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

லண்டனில் மாயா படித்தது சினிமா, சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கல்லூரியில். இசைக்குள் அவரை இழுத்துவிட்டது எலாஸ்டிகா என்கிற குழு. அதன் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் மாயாவின் தோழி. 2000ல் வெளிவந்த எலாஸ்டிகாவின் இரண்டாவது தட்டுக்கு உறை வடிவமைத்தவர் மாயா. அவர்களோடு அமெரிக்கப் பயணம் போய்ப் படம்பிடித்தவரும் அவரே. அந்தப் பயணத்தில் உடன் பாடிய பீச்சஸ் என்பவர்தான் ரோலண்ட் எம்.சி. 505 என்கிற சிறிய தாளப் பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். எலாஸ்டிகா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் நேரே 1977க்குப் போகும். அவர்களுடைய புகழ்பெற்ற 'கனெக்‌ஷன்' பாட்டின் கிடார் வயர் குழுவிடமிருந்து எடுத்தது. அதற்காக வழக்கு வந்து, பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. வயர் என்றால் ஆர்ட் ராக்கும் பங்க்கும் கலந்த இங்கிலாந்துக் குழு. ஆக, மாயா நின்ற இடம் நியூ வேவின் வெளித்திண்ணை இல்லை, நடுக்கூடம். மாயாவைப் பெயர்பெறச் செய்த 'கலாங்' பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஜஸ்டினும் ஒருவர், பல்ப் குழுவின் ஸ்டீவ் மேக்கியும் ஒருவர். மேல்நாட்டார் நம் பக்கத்துக் கலையைத் தொடும்போது "செல்வாக்கு" என்று எழுதுகிறோம். நம்மவர் அங்கே கற்றதைக் கையாளும்போது அதை யாரும் அப்படி எழுதுவதில்லை. மாயா கற்ற இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் சென்னை வந்த கதைக்குப் போக வேண்டும்.

2006 தொடக்கத்தில் ஜப்பானில் 'அருளர்' பயணத்தின் கடைசி நிகழ்ச்சி முடிந்தது. அடுத்த தட்டை அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்கிற பெரிய தயாரிப்பாளரோடு செய்வதாகத் திட்டம். அமெரிக்கா விசா தரவில்லை. அந்த மறுப்பால்தான் 'கலா' இப்போது இருக்கிற 'கலா' ஆனது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா என்று கதவு திறந்திருந்த ஊர்களுக்கெல்லாம் போய், அங்கங்கே கிடைத்த ஒலியைப் பதிவு செய்து சேர்த்தார். முதல் ஊர் சென்னை. ஏ.ஆர். ரகுமானைச் சந்தித்தார். தன் மனதில் இருந்த இசையை வாயால் விளக்குவது அவருக்குச் சிரமமாக இருந்தது. ரகுமான் தன் ஏ.எம். ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்து, சினிமாப் பாட்டுகளுக்கு வாசிக்கும் கலைஞர்களின் தொடர்பையும் கொடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்கள் வந்தார்கள். லண்டனிலிருந்து சுவிட்ச் என்கிற தயாரிப்பாளர் வந்து சேர்ந்துகொண்டார்.

உறுமியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டில் நடந்தது உடனே விளங்கும். இடை சுருங்கிய உடுக்கை வடிவம், ஆனால் பெரியது. தோளில் மாட்டி இடுப்புக்கு நேராகத் தொங்கும். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். அது 'டக்' என்று வறண்டு விழும். மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அடி விழுந்து ஓய்கிற ஒலி இல்லை அது. தோலுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டே மேலேறி, மறுபடி கீழே சரியும். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். சிந்தசைசரில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நழுவிப்போகும் பேஸ் ஒலியை உண்டாக்க இசை நிறுவனங்கள் எத்தனையோ பொத்தான்கள் வைத்தன. தேவராட்டக்காரர்களின் கையில் அது பரம்பரையாகவே இருக்கிறது. கோயில் கொடையிலும் நையாண்டி மேளத்திலும் கேட்டுப் பழகிய காதுக்கு அது சாதாரணம். லண்டன் கிளப்பில் பெரிய ஸ்பீக்கரில் அது புறப்படும்போது தரை அதிரும். சுவிட்ச் இதைப் புரிந்துகொண்டதால்தான் அதன் மேல் வேறு பேஸை வைத்து மூடவில்லை. இருபது பேரும் ஒன்றாக அடிக்கும்போது ஒருவர் மற்றவரைவிட இம்மி முன்னே பின்னே விழுவார்கள். அந்த இடைவெளியை அவர் கணினியில் நேராக்கவும் இல்லை. 1980ல் டாக்கிங் ஹெட்ஸ் கையால் வாசித்து இயந்திரம்போல் ஒலிக்கப் பார்த்தார்கள். 'கலா'வில் இயந்திரம் மனிதக் கைக்கு வழிவிட்டு நிற்கிறது.

அந்தப் பதிவுகளிலிருந்து முதலில் வெளியே வந்தது 'பேர்ட் ஃப்ளூ', 2006 இறுதியில். ஒரு பாட்டுக்கு வேண்டிய மெட்டு என்று அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தாளம், கூச்சல், சிறுவர் குரல், அவ்வளவுதான். அதில் ஒலிக்கும் இன்னொரு துண்டு 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து எடுத்தது, இசை ஆர்.பி. பட்நாயக். 'ஜெயம்' 2002ல் தெலுங்கில் எடுக்கப்பட்டு, 2003ல் தமிழுக்கு வந்த படம். தெலுங்கு இசையமைப்பாளரின் குத்துத் தாளம் தமிழ்த் திரை வழியாக லண்டன் தட்டில் ஏறியதில், சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்களுக்கு ஆச்சரியப்பட எதுவும் இருக்காது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. இரண்டு மொழியும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர்கள் அவை. ஆடி மாதம் பெரியபாளையத்து பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு வரும் கூட்டத்தில், பம்பையும் உடுக்கையும் எந்த மொழியில் பேசுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. 'கலா' உலகச் சந்தைக்கு வந்தது 2007 ஆகஸ்டில்.

இப்போது நெடுஞ்சாலைக்கு வருகிறேன். தட்டின் முதல் பாட்டு 'பேம்பூ பங்கா'. ஒரு பழைய பாட்டின் வரிகளைச் சற்றே மாற்றிச் சொல்லியபடி மாயா அதைத் தொடங்குகிறார். மாடர்ன் லவ்வர்ஸ் குழுவின் 'ரோட்ரன்னர்' அது. ஜொனாதன் ரிச்மன் என்கிற பாஸ்டன் புறநகர் இளைஞர் எழுதியது. கிட்டத்தட்ட இரண்டே கார்டு. பாஸ்டனைச் சுற்றி வளைந்து ஓடும் 128ஆம் எண் சாலையில், இரவில், ரேடியோவை வைத்துக்கொண்டு கார் ஓட்டும் சந்தோஷம்தான் விஷயம். அந்தச் சாலையோரம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் தொழிற்பேட்டைகளும் நிறைந்தது. தொழிற்பேட்டைச் சாலையை அழகு என்று பாடிய முதல் ராக் பாட்டுகளில் அது ஒன்று. 1972ல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் ஜான் கேல் தயாரிப்பில் பதிவாகி, கம்பெனி வெளியிடாமல் கிடப்பில் போட்டு, 1976ல்தான் தட்டாக வந்தது. அதன் பிறகு அது பலமுறை மறுபதிப்பு கண்டுவிட்டது. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஜெர்ரி ஹாரிசன். ஆம், பின்னால் டாக்கிங் ஹெட்ஸில் சேர்ந்தவரே. டிரம்ஸ் வாசித்த டேவிட் ராபின்சன் தி கார்ஸ் என்கிற இன்னொரு நியூ வேவ் குழுவுக்குப் போனார். நியூ வேவின் வேர்களில் ஒன்று இந்தப் பாட்டு.

இன்னும் ஒரு படி பின்னே போகலாம். ஜான் கேல் தன் வயோலாவில் விடாமல் இழுத்த ஒற்றைச் சுரத்தை லா மான்ட் யங் என்கிற இசையமைப்பாளரின் குழுவில் பழகியவர். யங் அந்த நீண்ட சுரத்தின் மீது பித்துக் கொண்டதற்கு ஒரு காரணம், 1955ல் அமெரிக்காவில் வெளிவந்த அலி அக்பர் கானின் சரோட் தட்டில் அவர் கேட்ட தம்புரா. பிற்பாடு பண்டிட் பிரான் நாத்திடம் அவர் சிஷ்யராகவே சேர்ந்தார். தம்புராவின் ஆதார சுருதி நியூயார்க் வழியாகப் பாஸ்டனின் இரண்டு கார்டுப் பாட்டுக்குள் இப்படித்தான் புகுந்தது. மாயா அந்தப் பாட்டைத் திரும்பச் சென்னைக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டின் தாளத்தை ஓடவிட்டார். இளையராஜா 1991ல் செய்த போகிப் பாட்டு அது. மேற்கத்தியர் இளையராஜாவிடமிருந்து எடுத்தது இது முதல் முறை அல்ல. 2003லேயே பிளாக் ஐட் பீஸ் குழு 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்திருக்கிறது. அங்கே அது ருசிக்காகச் சேர்த்தது. 'பேம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் தாளம் இல்லாவிட்டால் பாட்டே நிற்காது.

பொருளிலும் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. ரிச்மனின் பாட்டில் பாடுகிறவர் காருக்குள் இருக்கிறார். மாயாவின் பாட்டில் பாடுகிறவர் காருக்கு வெளியே. வெயிலில், ஓடுகிற காரோடு ஓடிக்கொண்டே அதன் கதவைத் தட்டுகிறவர்களின் பக்கம் நின்று அவர் பாடுகிறார். அதே நெடுஞ்சாலை, அதே வேகம். பார்க்கும் இடம் மட்டும் மாறிவிட்டது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தாவுக்குப் போகும் ஜி.என்.டி. சாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தாண்டி எளாவூர் சோதனைச்சாவடி நெருங்கும்போது லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இரும்புக் கம்பி, காயில், கன்டெய்னர். அந்த வரிசைக்கு நடுவே வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு, நகரத் தொடங்கிய வண்டியின் கதவைத் தட்டியபடி ஓடுகிறவர்கள் உண்டு. ஒரு ரூபாய் சில்லறையை வாங்காமல் விட்டுவிடக் கூடாதே என்கிற ஓட்டம். நியூ வேவ் இசை அதுவரை அவர்கள் பக்கம் திரும்பியதில்லை.

அந்தச் சாலையோரம் கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்களின் முகாம். 1983 ஜூலைக்குப் பிறகு ஓர் அலை, 1990ல் போர் மறுபடி மூண்டபோது இன்னோர் அலை என்று வந்தவர்கள், ராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபத்தில் பதிவாகி, மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கும்மிடிப்பூண்டியும் புழலும் அதில் அடக்கம். தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயின்ட் வேலை. காலையில் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, சாயங்கால வருகைப் பதிவுக்குள் திரும்பிவிட வேண்டிய வாழ்க்கை அவர்களுடையது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்த ஒரு தலைமுறை இப்போது நடுவயதை நெருங்குகிறது. 2021ல் தமிழக அரசு பெயர்ப்பலகையை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. குடியுரிமை இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

மாயா கோடம்பாக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்த 2006லேயே, இலங்கையில் போர்நிறுத்தம் குலைந்து, ராமேசுவரத்துக்குப் புதிய படகுகள் வரத் தொடங்கியிருந்தன. 1980களில் அவருடைய தாய்க்கு லண்டன் கிடைத்தது. கிடைக்காதவர்களுக்கு மண்டபமும் கும்மிடிப்பூண்டியும். ஒரே நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள்தான். யாருக்கு எந்தத் தாள் கைக்கு வந்தது என்பதே வித்தியாசம். 'கலா' முழுவதும் விசா, எல்லை, போலித் தாள், மலிவுக் கூலி என்றே சுற்றுவதற்கு அடிப்படை இதுதான். அதை வெறும் அரசியல் கோஷம் என்று அன்று ஒதுக்கியவர்களின் எழுத்தைப் படித்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

அந்தத் தட்டின் உச்சம் 'பேப்பர் பிளேன்ஸ்'. அதன் அடியில் ஓடுவது தி கிளாஷ் குழு 1982ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. ஆலைகள் அழிந்த இங்கிலாந்தின் வடக்கையும், ஒட்டாத குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளையும் ஒரே மூச்சில் பேசிய பாட்டு. அந்த இழையை எடுத்து, குடியேறியைக் கண்டு ஊரார் படும் பயத்தையே ஒரு குழந்தைப் பாட்டாக மாற்றினார் மாயா. கூடப் பாடுபவர்கள் லண்டன் பிரிக்ஸ்டன் சிறுவர்கள். நடுவே துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி மணியும். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை எம்.டி.வி. மழுங்கடித்துத்தான் ஒளிபரப்பியது. 2008ல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷிப்ட் பார்க்கிற பையன்களின் அறையில், அந்தப் பாட்டின் மெட்டு தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

'20 டாலர்' பாட்டில் நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே'யும் பிக்ஸிஸ் குழுவும் வருகின்றன. பேச்சு லைபீரியாவில் ஒரு ஏ.கே. 47 என்ன விலை என்பது பற்றி. 'ஜிம்மி', 'டிஸ்கோ டான்சர்' படத்துப் பாட்டை மறுபடி பாடுவது. மாயா சின்ன வயதில் ஆடிய பாட்டு அது. இரண்டையும் இத்தோடு விடுகிறேன். தட்டின் பலம் அவற்றில் இல்லை.

2007 முடிவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 'கலா'வை அந்த ஆண்டின் முதல் தட்டாகத் தேர்ந்தெடுத்தது. மேற்கில் அதை வைக்கிற அலமாரி ஹிப்ஹாப் என்றோ, நடன இசை என்றோ, உலக இசை என்றோ மாறிக்கொண்டே இருந்தது. நம் ஊரில் அதற்கு அலமாரியே இல்லை. தமிழ் இசை வரலாறு என்றால் கீர்த்தனை, நாடகம், சினிமா என்று மூன்று அறைகளைக் கட்டி முடித்துவிட்டோம். சென்னையில் பதிவாகி, உறுமியை முதன்மை வாத்தியமாக வைத்து, இளையராஜாவையும் மாடர்ன் லவ்வர்ஸையும் ஒரே பாட்டில் உட்காரவைத்த தட்டு இந்த மூன்றிலும் அடங்காது. அதனால் அதைப் பற்றித் தமிழில் எழுதும்போது நாம் பெரும்பாலும் மாயாவின் அரசியலை மட்டும் எழுதினோம். காதால் கேட்டு எழுதியவர்கள் குறைவு. கோடம்பாக்கத்தில் அன்று உறுமி தேய்த்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபெலா குட்டியின் பெயரை டாக்கிங் ஹெட்ஸ் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த அளவுக்காவது நாம் நம் தாளக்காரர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். திரைப்படத் தாளக் கலைஞர்கள் பலர் இன்றும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, எந்த ஆண்டு எந்தத் தட்டில் யார் வாசித்தார்கள் என்று எழுதிவைக்க இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மறுபதிப்பு வரும் நாளில் உறையின் உள்பக்கத்தில் அச்சேற வேண்டியவை அந்தப் பெயர்கள்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' ஒலித்தது. ஸ்டூடியோ தந்து உதவிய ரகுமானும் மாயாவும் அதே படத்துக்காக 'ஓ சாயா'வைச் சேர்ந்து செய்தார்கள். அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2009 பிப்ரவரி கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக மாயா ஏறிப் பாடினார். அந்த மாதங்களில்தான் வன்னியில் போர் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதைப் பற்றி அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் பேசியதும், அதற்காக வாங்கிய வசையும் தனி அத்தியாயம்.

அடுத்த இதழில் 1986க்குப் போகிறோம். 'புன்னகை மன்னன்' படத்துக்காகக் கணினித் தாளம் கோடம்பாக்கத்துக்குள் நுழைந்ததும், தியாகராஜரையும் பாக்கையும் நினைத்து இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' தட்டைச் செய்ததும் அந்த ஆண்டில்தான்.